உங்களுக்குத் தெரியுமா? – வடாலா லாரியின் முதுகில் எழுதியிருப்பது

மும்பையின் வடாலா லாரி முனையத்தைச் சுற்றி நிற்கும் வண்டிகளில் எல்லாம் அரிசியும் சிமெண்டும் மட்டும் ஏற்றியிருக்காது. ஒரு பக்கம் சிவ்ரி எண்ணெய்க் கிடங்குகள், இன்னொரு பக்கம் மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகள். நடுவே ஆண்டாப்ஹில், கோலிவாடா, தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று நம் மக்கள் நிறைந்த குடியிருப்புகள். பெட்ரோல், எரிவாயு, அமிலம், உரம் எல்லாம் இந்தச் சாலைகளில்தான் போய்வருகின்றன. எதை எப்படிக் கொண்டுபோக வேண்டும், எதை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று உலகமே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அதிலிருந்து சில துணுக்குகள்.

ஸ்டேஷன் பெயரே சாட்சி

செம்பூரிலிருந்து வடாலா டிப்போவரை 2014 பிப்ரவரியில் மோனோரயில் ஓடத் தொடங்கியது. அதன் நிறுத்தங்களில் ஒன்றின் பெயர் ஃபெர்டிலைசர் டவுன்ஷிப்; இன்னொன்று பாரத் பெட்ரோலியம். இந்த வட்டாரம் யாரை அண்டை வீட்டாராக வைத்துக்கொண்டு வாழ்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளும் 1950-களின் நடுவில் வந்தவை. முன்பு எஸ்ஸோ, பர்மா ஷெல் என்ற பெயரில் இருந்தவைதான் இன்றைய இந்துஸ்தான் பெட்ரோலியமும் பாரத் பெட்ரோலியமும்.

1203 என்றால் பெட்ரோல்

டேங்கர் லாரியின் இரு பக்கத்திலும் பின்னாலும் ஒரு பலகை இருக்கும். அதில் நான்கு இலக்க எண் ஒன்றைப் பார்க்கலாம். வண்டி எண்ணோ கம்பெனி எண்ணோ என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே இருக்கும் சரக்குக்கு ஐ.நா. கொடுத்த எண் அது. 1203 பெட்ரோல். 1202 டீசல். 1223 மண்ணெண்ணெய். 1075 சமையல் எரிவாயு. 1005 அம்மோனியா. 1017 குளோரின். 1830 கந்தக அமிலம். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் வடாலாவிலும் இவை மாறாது. வண்டிக்காரருக்கும் தீயணைப்பு வீரருக்கும் பொது மொழி இல்லாவிட்டாலும் இந்த எண் போதும்.

மூன்றே குறியில் முழு உத்தரவு

அதே பலகையில் பெட்ரோல் வண்டிக்கு '3 ஒய் இ' என்று ஒரு குறி இருக்கும். பிரிட்டனில் பிறந்த 'ஹேஸ்கெம்' குறியீடு இது. தீயணைப்பு வண்டி வந்து நின்ற முதல் நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை இது சொல்லிவிடும். '3' என்றால் நுரை அடிக்க வேண்டும்; வெறும் தண்ணீர் உதவாது. 'ஒய்' மூன்று செய்திகளைச் சொல்கிறது: வெடித்துச் சீறக்கூடும், மூச்சுக் கருவி போட்டுக்கொண்டே நெருங்க வேண்டும், சிந்தியதைச் சாக்கடைக்குள் விடாமல் மடக்க வேண்டும். கடைசியில் வரும் 'இ', சுற்றியுள்ள மக்களை அப்புறப்படுத்த யோசி என்பது.

கந்தக அமில வண்டியில் '2 பி' என்று இருக்கும். '2' என்றால் தண்ணீரை மெல்லிய தூவலாக அடிக்கலாம். 'பி' என்றால் முழு உடல் காப்புடை வேண்டும், சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யலாம். இரண்டும் டேங்கர்தான்; இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்பது வகுப்பு

உலகத்து ஆபத்தான சரக்கையெல்லாம் ஒன்பது வகுப்பில் அடக்கிவிட்டார்கள். 1 வெடிபொருள். 2 வாயு. 3 தீப்பற்றும் திரவம். 4 தீப்பற்றும் திடப்பொருள். தானே சூடேறி எரிவதும் தண்ணீர் பட்டால் எரிவதும் இதில்தான் சேரும். 5 தான் எரியாவிட்டாலும் ஆக்சிஜன் கொடுத்து மற்றதை எரியவைப்பது. 6 நஞ்சும் நோய்த்தொற்றும். 7 கதிரியக்கம். 8 அரிக்கும் பொருள். 9 இந்த எட்டிலும் அடங்காதவை.

ஒன்றாம் வகுப்புதான் மோசம், ஒன்பது பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வரிசை ஆபத்தின் அளவைக் காட்டுவதில்லை என்று விதிநூலிலேயே எழுதியிருக்கிறது.

நிறத்தைப் பார்த்தே சொல்லலாம்

வண்டியில் ஒட்டியிருக்கும் சாய்சதுரச் சீட்டின் நிறத்துக்கும் பொருள் உண்டு. ஆரஞ்சு என்றால் வெடிக்கும். சிவப்பு என்றால் பற்றும். பச்சை, பற்றாத நச்சற்ற வாயு. மஞ்சள், எரிய உதவுவது. நீலம், தண்ணீர் பட்டால் ஆபத்து. மண்டை ஓட்டோடு வெள்ளை, நஞ்சு. மேல்பாதி வெள்ளையும் கீழ்பாதி கறுப்புமாக இருந்தால் அரிக்கும் பொருள். கை மீதும் உலோகத்தின் மீதும் திரவம் சொட்டுவதுபோல் படமும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் நிறமும் படமும்.

ஆரஞ்சுப் புத்தகம்

இந்த வகைப்பாட்டின் மூலநூல் ஐ.நா.வின் பரிந்துரைகள். முதலில் வந்தது 1956-இல். அட்டை நிறத்தால் 'ஆரஞ்சுப் புத்தகம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச விதித்தொகுப்பு 1965-இல் ஏற்கப்பட்டு, 2004 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. இப்படியொரு ஏற்பாடு எதற்கு என்று கேட்பவருக்கு, வடாலாவிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே ஒரு பதில் இருக்கிறது.

எரிவதும் வெடிப்பதும் ஒரே கப்பலில்

1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா டாக்கில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பல் நின்றிருந்தது. இங்கிலாந்தின் பிர்கன்ஹெட்டிலிருந்து பிப்ரவரி 24 அன்று புறப்பட்டபோதே அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. அதில் 238 டன், எளிதில் வெடிக்கக்கூடியது என்று 'ஏ' பிரிவில் சேர்க்கப்பட்ட சரக்கு.

வழியில் கராச்சியில் காலியான இடத்தில் ஏற்றியவை: சுமார் 8,700 பொதிப் பஞ்சு, மசகு எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், கந்தகம், மீன் உரம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் அன்றாடச் சரக்குதான். வெடிபொருளோடு பஞ்சையும் அடுக்கியபோது அந்தக் கப்பலே ஒரு திரியாகிவிட்டது.

இரண்டு மணி நேர அவகாசம்

கப்பல் ஏப்ரல் 12 அன்றே டாக்குக்குள் வந்துவிட்டது. இரண்டு நாளாகியும் வெடிபொருள் உள்ளேயேதான் இருந்தது. 14-ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணிவாக்கில் இரண்டாம் எண் அறையில் புகை தெரிந்தது. டன் டன்னாகத் தண்ணீரைக் கொட்டினார்கள். பஞ்சுக்குள் புகுந்த தீ அடங்கவில்லை. 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடிப்பு. அரை மணிக்குள் இரண்டாவது, அதைவிடப் பெரியது. தொலைதூரச் சிம்லாவின் நிலநடுக்கக் கருவியிலும் அதிர்வு பதிவானது. இறந்தவர்கள் 800-க்கும் மேல். 1,300 வரை சொல்லும் கணக்கும் உண்டு.

தங்க மழை

அந்தக் கப்பலில் 124 தங்கக் கட்டிகளும் இருந்தன. அன்றைய மதிப்பு சுமார் 8 லட்சத்து 90 ஆயிரம் பவுண்டு. வெடிப்பில் பறந்த ஒரு கட்டி டாக்கைத் தாண்டி ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தது. துறைமுகத்தில் தூர் வாரும்போது பல பத்தாண்டுகள் கழித்தும் கட்டிகள் கிடைத்தன.

ஏப்ரல் 14 தீயணைப்பு வாரம் ஏன்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் தீயணைப்புப் பணி வாரம் அனுசரிக்கிறார்கள். பள்ளியில் ஒத்திகை, தெருவில் ஊர்வலம் எல்லாம் நடக்கும். அந்தத் தேதி ஃபோர்ட் ஸ்டிகைன் தீயில் உயிர்விட்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள். நமக்குச் சித்திரைத் திருநாள்; மும்பைத் தீயணைப்புப் படைக்கு அஞ்சலி நாள்.

பக்கத்தில் யார்?

இன்று கப்பலில் ஆபத்தான சரக்கு ஏற்றும் முன் ஓர் அட்டவணையைப் பார்க்காமல் அடுக்க மாட்டார்கள். எந்த வகுப்பை எந்த வகுப்பிலிருந்து எவ்வளவு விலக்க வேண்டும் என்று அதில் நான்கு நிலைகள் உண்டு. சற்றுத் தள்ளி வைத்தால் போதும் என்பது முதல் நிலை. நடுவில் முழு அறையொன்று விட்டு, கப்பலின் நீளவாக்கில் பிரிக்க வேண்டும் என்பது நான்காவது. வெடிபொருள்களுக்குள்ளேயே எது எதோடு சேரலாம் என்று எழுத்துக் குறி தனி. வெடிமருந்தையும் அதை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டரையும் வெவ்வேறு எழுத்தில் பிரித்து வைத்திருப்பதன் காரணம் விளக்கம் இல்லாமலே புரியும்.

கொப்பரையும் கற்பூரமும்

சாமி கும்பிட வாங்கும் கற்பூரம் 4-ஆம் வகுப்பு. செயற்கைக் கற்பூரத்தின் ஐ.நா. எண் 2717. அந்துருண்டை, அதாவது நாப்தலீன், 1334. சிவகாசித் தீப்பெட்டி 1944. கொப்பரைத் தேங்காய்க்கும் எண் உண்டு: 1363. எண்ணெய்ப் பிடிப்பும் ஈரமும் சேர்ந்தால் குவியலுக்குள் தானே சூடேறிப் புகையும் என்பதால் அது தானே எரியும் பொருள்களின் பிரிவில் இருக்கிறது. ஊரிலிருந்து வரும்போது விமானப் பெட்டியில் கொப்பரை வைத்துத் திட்டு வாங்குபவர்களுக்கு இதுதான் பதில்.

பட்டியலில் நம் ஊர் பூசா

ஐ.நா. எண் 1327-இல் வைக்கோல், உலர்ந்த புல் என்ற பெயர்களோடு 'பூசா' என்று இந்திச் சொல்லும் அப்படியே இருக்கிறது. மாட்டுத் தீவனமாகும் வைக்கோலும் வைக்கோல் தூளும் கப்பலேறினால் ஆபத்தான சரக்குதான்.

மாம்பழக் கல்

மாங்காயைப் பழுக்கவைக்கத் திருட்டுத்தனமாக வைக்கிறார்களே, அந்தக் கார்பைடு கல்லின் எண் 1402. பிரிவு, தண்ணீர் பட்டால் ஆபத்து. ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயு கிளம்பும். வெல்டிங் பட்டறையில் எரிவது அதே வாயுதான். பழத்துக்கு அதைப் பயன்படுத்துவதற்குத் தடை இருக்கிறது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய 'எம்.எஸ்.சி. எல்சா 3' கப்பலில் 640 கண்டெய்னர்கள். அவற்றில் 12-இல் இருந்தது இந்தக் கல்தான். கடலுக்குள் போன சரக்கோ கடல்நீரே ஆகாத சரக்கு. அதனால்தான் கரையில் அத்தனை பதற்றம்.

பெட்ரோலுக்கு ஏ, மண்ணெண்ணெய்க்கு பி

இந்தியச் சட்டம் பெட்ரோலியத்தை மூன்றாகப் பிரிக்கிறது. எந்த வெப்பநிலையில் அதன் ஆவி தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்கிறது என்பதே அளவுகோல். 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பற்றினால் 'ஏ'. பெட்ரோல் அந்த ரகம். 23 முதல் 65-க்குள் இருந்தால் 'பி', மண்ணெண்ணெய், டீசல். 65 முதல் 93-க்குள் இருந்தால் 'சி', ஃபர்னஸ் ஆயில். பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் ஆவியாகிப் பற்றும். மும்பை வெயிலில் சொல்ல வேண்டியதே இல்லை.

வீட்டில் எவ்வளவு வைக்கலாம்?

1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் 'ஏ' வகுப்பை 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்திருக்கலாம். ஆனால் கண்ணாடிப் புட்டியானால் ஒவ்வொன்றும் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. 'பி' வகுப்புக்கு மொத்த வரம்பு 2,500 லிட்டர். சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக, பத்துக்குப் பத்து அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் பெட்ரோல் கேன் வைப்பவர் சட்டத்தை மதிக்கலாம். தன் உயிரை மதிக்கவில்லை.

பொறுப்பில்லாத்தனம் எங்கே முடியும்

வடாலாவை ஒட்டிய சிவ்ரியில், மும்பைத் துறைமுகத்தின் ஹாஜி பந்தர் கிடங்கு. 2010 ஜூலை 14 அன்று அங்கே ஒரு சிலிண்டரிலிருந்து குளோரின் கசிந்தது. ஏறத்தாழ நூறு பேர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தச் சிலிண்டர்கள் இறக்குமதியாகி, எடுத்துப்போக ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தவை. சிலிண்டருக்கு வகுப்பும் இருந்தது, எண்ணும் இருந்தது. பொறுப்பேற்க ஆள்தான் இல்லை.

மணலியிலும் இதே கதை

2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூத் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அதையும் யாரும் எடுத்துப்போகாமல் ஆண்டுக்கணக்கில் கிடங்கில்தான் வைத்திருந்தார்கள். செய்தி வந்ததும் சென்னையில் சட்டென்று ஒரு கேள்வி கிளம்பியது: நம்மிடம் இருக்கிறதா? இருந்தது. 2015-இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன், மணலிக் கண்டெய்னர் முனையத்திலேயே கிடந்தது. சில நாட்களில் லாரிகளில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்து ஆண்டில் நடக்காதது ஒரே வாரத்தில் நகர்ந்தது.

கசிந்த பெட்டியை யாரும் வாங்கவில்லை

'எக்ஸ்பிரஸ் பேர்ல்' கப்பலில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. பயண வழியிலேயே ஒரு கண்டெய்னரில் கசிவு. கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில் இறக்க முயன்றார்கள், நடக்கவில்லை. குஜராத்தின் ஹசீராவிலும் நடக்கவில்லை. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அருகே கப்பலில் தீ. கடைசியில் மூழ்கியது. அரிசி அளவு பிளாஸ்டிக் குருணை 1,600 டன்னுக்கு மேல் கடலில் சிதறி, இலங்கைக் கரையெங்கும் ஒதுங்கியது. மீன்பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் மாதக்கணக்கில் முடங்கின. அமிலம் என்று பெயர் எழுதி ஒட்டியிருந்தும், இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்காததால் வந்த வினை.

150 கிலோ கோடு

1984 டிசம்பர் போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1989-இல் ஆபத்தான ரசாயனங்களுக்கென்று மத்திய விதிகள் வந்தன. ஒவ்வொரு பொருளும் எவ்வளவு சேர்ந்தால் கூடுதல் கட்டுப்பாடு தொடங்கும் என்று அதில் வரம்பு உண்டு. அம்மோனியாவுக்கு 60 டன். குளோரினுக்கு 10 டன். போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டுக்கு 150 கிலோ. அங்கே அன்று வெளியேறியதோ ஏறத்தாழ 40 டன்.

எந்தப் பக்கம் ஓடுவது?

குளோரின், காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து பள்ளத்தையும் அடித்தளத்தையும் நிரப்பும். சமையல் எரிவாயுவும் கனம்தான். சாக்கடைக்குள் இறங்கித் தூரத்து விளக்கில் பற்றும். இவற்றுக்கு மேட்டுப் பக்கம் போக வேண்டும். அம்மோனியா காற்றைவிட இலேசு. ஆனாலும் ஈரக் காற்றில் வெண்புகையாகத் தாழவே படரும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயில் கசிந்தபோது ஊர் மக்கள் இருட்டில் தெருவுக்கு ஓடிவந்தார்கள். எந்த வாயுவானாலும் ஒரு விதி பொது: காற்று எங்கிருந்து வருகிறதோ அதைக் கவனித்து, அதற்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். முகத்தில் ஈரத் துணி இருந்தால் நல்லது.

தமிழ் தெரிந்தால் உரிமம் உண்டு

மும்பை கிழக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வடாலாவில்தான் இருக்கிறது. எம்.எச். 03 என்று தொடங்கும் பலகைகள் இங்கிருந்து வருபவை. ஆபத்தான சரக்கு ஓட்டுபவருக்குச் சாதாரணக் கனரக உரிமம் போதாது. மூன்று நாள் பயிற்சி முடித்து, உரிமத்தில் தனி ஒப்புதல் பெற வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் அது மூன்றாண்டு செல்லும். அதற்கு முன் ஓராண்டுதான். அரசியல் சாசன எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் உண்டு. எரிவாயு டேங்கர் தொழிலில் பேர்பெற்ற நாமக்கல்லிலிருந்து வருகிற ஓட்டுநருக்கு இது தெரிந்த சேதி.

கேபினில் ஒரு அட்டை

ஓட்டுநர் வசம் 'ட்ரெம் கார்டு' இருக்க வேண்டும். சரக்கின் பெயர், அதன் குணம், கண்ணில் பட்டால் என்ன செய்வது, சிந்தினால் எதைக் கொட்டுவது, யாருக்குப் போன் செய்வது எல்லாம் அதில். அனுப்புகிறவர் சரியாக எழுதிக் கொடுக்க வேண்டும், வண்டி முதலாளி ஓட்டுநருக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும், ஓட்டுநர் அதைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். மூவருக்கும் சட்டத்தில் தனித்தனிப் பொறுப்பு உண்டு. டாஷ்போர்டில் சாமி படத்துக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்தால், விபத்து நேரத்தில் யார் கண்ணிலும் படாது.

கவிழ்ந்தும் வெடிக்காத வண்டி

2012 ஆகஸ்ட் 27 இரவு, கேரளத்தின் கண்ணூர் சாலாவில் எரிவாயு டேங்கர் தடுப்பில் மோதிக் கசிந்து பற்றியது. 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 3 அதிகாலை, கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயுவோடு ஒரு டேங்கர் கவிழ்ந்தது. இங்கே முதல் வேலையாகப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். சுற்றியுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கசிவை அடைத்து, விடாமல் தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைத்து, கிரேனால் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு உயிரும் போகவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்திருந்தது. அதற்குரிய வேலை அப்போதே தொடங்கியது.

ரயில் பெட்டியில் சிலிண்டர்

ரயில்வேயில் ஆபத்தான சரக்குக்கென்று தனி விதிநூல் உண்டு; 'ரெட் டேரிஃப்' என்பார்கள். பயணி தன்னோடு எடுத்துப்போனால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறை. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் சமைக்க வைத்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். தாதரிலிருந்து ஊருக்குப் போகும்போது 'சின்ன சிலிண்டர்தானே' என்று சொல்பவர்கள் கவனிக்க.

ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து

டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையம். அணுசக்திநகரில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். செறிவு மிகுந்த கதிரியக்கப் பொருளை ஏற்றும் பேழை தாண்ட வேண்டிய சோதனைகளில் மூன்று: ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து கடினத் தரையில் போடுவார்கள், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இரும்புக் கம்பின் மேல் விழவைப்பார்கள், 800 டிகிரி நெருப்பில் அரை மணி நேரம் வைப்பார்கள். ரோட்டில் போகும் சரக்குப் பெட்டிகளில் இவ்வளவு அடி வாங்கித் தேறியது வேறு அநேகமாக இல்லை.

நீல டிரம்மின் ஜாதகம்

மும்பையில் தண்ணீர் பிடித்துவைக்க நீல பிளாஸ்டிக் டிரம் இல்லாத சால் குடியிருப்பு உண்டா? பழைய டிரம்மும் எண்ணெய் டின்னும் கழுவி மறுபடி விற்கும் தொழில் தாராவியில் பெரியது. டிரம்மின் அடியிலோ தோளிலோ புடைத்த எழுத்து இருக்கும். '1 எச் 1' என்று தொடங்கினால்: 1 என்றால் டிரம், 'எச்' என்றால் பிளாஸ்டிக், கடைசி 1 என்றால் தலை மூடியது, சிறு வாய் மட்டும் உள்ளது. அடுத்து 'ஒய்' இருந்தால் நடுத்தர ஆபத்துவரையிலான சரக்குக்குத் தேறியது. 'எக்ஸ்' என்றால் மிக ஆபத்தானதற்கும் ஆகும். 'இசட்' என்றால் குறைந்த ஆபத்துக்கு மட்டும். பக்கத்தில் தயாரித்த ஆண்டு இருக்கும். ஐந்து ஆண்டு கடந்த பிளாஸ்டிக் டிரம்மில் ஆபத்தான சரக்கு ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி.

இந்தக் குறி இருந்தால் டிரம் ஆபத்தான ரசாயனத்துக்கென்று செய்யப்பட்டது. உள்ளே என்ன இருந்தது என்று கடைக்காரரே சொல்ல முடியாவிட்டால், அதில் குடிநீர் வேண்டாம். எத்தனை முறை சோடா போட்டுத் தேய்த்தாலும் பிளாஸ்டிக் உறிஞ்சியது வெளியே வராது.

சிலிண்டர் கழுத்தில் ஏ, பி, சி, டி

சமையல் சிலிண்டரின் கைப்பிடிப் பட்டையில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி–மார்ச், பி ஏப்ரல்–ஜூன், சி ஜூலை–செப்டம்பர், டி அக்டோபர்–டிசம்பர். இலக்கம் ஆண்டு. 'சி 27' என்றால் 2027 செப்டம்பருக்குள் அடுத்த சோதனை நடக்க வேண்டும். தேதி கடந்ததை டெலிவரி பையனிடமே திருப்பிக் கொடுங்கள்.

குளியலறைக் கிடங்கு

ஆபத்தான சரக்குகளைப் பிரித்துவைக்கும் விதி வீட்டுக்கும் பொருந்தும். கழிவறை கழுவும் ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் கலந்தால் ஹாஜி பந்தரில் கசிந்த அதே குளோரின் கிளம்பும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது போதும் மயக்கம் போட. இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வையுங்கள். ஒன்றை அலசி முடிக்காமல் மற்றதை ஊற்றாதீர்கள்.

பவர் பேங்க் எந்த வகுப்பு?

ஒன்பதாம் வகுப்பு. தனி லித்தியம் அயான் பேட்டரிக்கு எண் 3480. விமானத்தில் அடியில் போகும் பெட்டியில் பவர் பேங்க் கூடாது, கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை தடையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு, அதற்கு மேல் அறவே கிடையாது. அடியில் பற்றினால் யாரும் பார்க்க முடியாது. மேலே பற்றினால் பணியாளர் கைக்கெட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை

ஃப்ரீவேயிலோ வடாலா முனைய வாசலிலோ டேங்கர் கவிழ்ந்து கிடந்தால் கேனோடும் பக்கெட்டோடும் ஓடாதீர்கள். செல்போனில் படமெடுக்கவும் நெருங்காதீர்கள். காற்று வரும் பக்கமாக ஒதுங்கி நின்று, தூரத்திலிருந்தே அந்த நான்கு இலக்க எண்ணையும் ஹேஸ்கெம் குறியையும் படியுங்கள். 101-க்கோ 112-க்கோ போன் செய்து, இடத்தைச் சொன்ன கையோடு அந்த எண்ணையும் சொல்லுங்கள். என்ன சரக்கு என்று தெரிந்து வரும் தீயணைப்பு வண்டி, நுரையா தண்ணீரா என்று வழியிலேயே முடிவு செய்துவிடும்.